அரைத்தாள் மறுப்பும் மாடியறை வக்கீல் அலுவலகமும்: ஒரு மதிப்புரை

உணவகத்துக்கும் தங்கும் விடுதிக்கும் எழுதுவதைப் போல ஒரு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு யாரும் மதிப்புரை எழுதுவதில்லை. வழக்கில் வென்றவர் லட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறார்; தோற்றவர் ஊர் முழுக்கத் திட்டித் தீர்க்கிறார்; இரண்டுமே அடுத்து வருகிறவருக்கு உதவுவதில்லை. எங்கள் ஊர்த் திருவிழாவில் நாடகம் போடக் கேட்ட அனுமதி மறுக்கப்பட்டு, அந்த மறுப்பை எதிர்த்து உயர் நீதிமன்றம் வரை போய்த் திரும்பிய பதினேழு நாட்களில் எங்களுக்குக் கிடைத்த சேவை எப்படிப்பட்டது, எதற்குக் காசு கொடுத்தோம், கொடுத்த காசுக்கு மேல் எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதை, விழாக் குழுவின் வரவு செலவு நோட்டை எழுதுகிறவன் என்ற முறையில் இங்கே எழுதி வைக்கிறேன்.

அலுவலகத்தின் பெயரைக் கேட்க வேண்டாம். வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்வதையும் ஆள்விட்டு வழக்குப் பிடிப்பதையும் இந்திய பார் கவுன்சில் விதிகளில் 36ஆவது விதி தடுக்கிறது. இணையத்தில் வக்கீல்களை விளம்பரப்படுத்தி ஆள் சேர்த்துக் கொடுக்கும் தளங்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி சென்னை உயர் நீதிமன்றமும் 2024 ஜூலையில் உத்தரவிட்டது. நல்லெண்ணத்தில் நான் எழுதும் பெயரே அவருக்கு வம்பாக முடியக்கூடும். ஆகவே பெயரும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. இராமநாதபுரத்தில் மாடியில் ஓர் அறை, இரண்டு வழக்கறிஞர்கள், ஒரு குமாஸ்தா, மின்விசிறி சுழலும்போதெல்லாம் படபடக்கும் கோப்புகள் என்ற அளவில் அடையாளம் போதும்.

விவகாரத்தைச் சொல்வதற்கு முன் எங்கள் ஊர் நாட்காட்டியைச் சொல்ல வேண்டும். பாக் நீரிணையை ஒட்டிய எங்கள் ஊரில் பெரும்பாலான ஆண்கள் விசைப்படகுக்குப் போகிறவர்கள். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மற்ற பத்து மாதங்களில் ஒரு வீட்டில் அப்பன் கடலில் இருந்தால் மகன் கரையில் இருப்பான், மகன் போனால் அப்பன் வலை கட்டிக்கொண்டிருப்பார். ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் கரையில் இருப்பது இந்த இரண்டு மாதங்களில்தான். அதனால்தான் அம்மன் கோயில் காப்புக் கட்டு, முளைப்பாரி, கடைசி நாள் இரவு நாடகம் எல்லாம் வைகாசியில் வருகின்றன. வெளியூரில் இருந்து பார்ப்பவருக்கு இது ஒரு தேதி; ஒரு வாரம் தள்ளி வைத்தால் என்ன என்று கேட்பார்கள். தள்ளி வைத்தால் பார்க்க ஆள் இருக்காது.

அனுமதி மனுவைச் சித்திரைக் கடைசியில் கொடுத்தோம். அதில் நாங்கள் செய்த முதல் தவறு, ஒரே தாளில் இரண்டு காரியங்களைக் கேட்டது: காலையில் கச்சான் காற்று வலுக்கும் முன் பாய்மரப் படகுப் போட்டி, இரவில் நாடகம். இரண்டாவது தவறு, மனுவை நேரில் கொடுத்துவிட்டு, வாங்கிக்கொண்டார்கள் என்ற நம்பிக்கையில் கையை வீசிக்கொண்டு திரும்பியது. பன்னிரண்டு நாட்கள் போன பிறகு கேட்டபோது, "இந்த வருஷம் வேண்டாம், பிரச்சினை வரும்" என்று வாயால் சொல்லி அனுப்பினார்கள். அந்த அலுவலகம் எது என்பதையும் நான் எழுதப்போவதில்லை. அங்கே இருந்தவர்கள் கெட்டவர்கள் என்ற எண்ணமும் எனக்கு இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மேடை போடும் இடம் குறித்து எங்கள் கீழத்தெருவுக்கும் மேலத்தெருவுக்கும் கைகலப்பு நடந்தது உண்மை. அந்த ஞாபகம் அவர்களுக்கு இருந்தது.

அதற்குப் பிறகு எல்லா ஊரிலும் நடப்பதுதான் எங்கள் ஊரிலும் நடந்தது. ஒருவர் அரசியல் கட்சிக்காரர் வீட்டுக்குப் போகலாம் என்றார். ஒருவர் சாலை மறியல் என்றார். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம் என்றார் இன்னொருவர். தகவல் உரிமைச் சட்டத்தில் காரணம் கேட்போம் என்று நான் சொன்னேன்; பதில் தர அவர்களுக்கு 30 நாள் உண்டு, நாடகத்துக்குப் பதினேழு நாள்தான் இருக்கிறது என்று என் மருமகன் கணக்குப் போட்டுக் காட்டியதும் வாயை மூடிக்கொண்டேன். அந்த மருமகனின் நண்பர் மூலமாகத்தான் இந்த மாடியறைக்குப் போனோம்.

முதல் சந்திப்பு ஏறத்தாழ ஒரு மணி நேரம். மதிப்புரை என்று நான் எழுதுவதில் முக்கால் பங்கு அந்த ஒரு மணி நேரத்துக்கே உரியது.

எங்கள் தலைவர் கதையை ஆதியிலிருந்து சொல்லத் தொடங்கினார்: எந்த ஆண்டு எந்தத் தெருக்காரன் யாரை அடித்தான், இப்போதிருக்கும் அதிகாரி யாருக்குச் சொந்தம், பக்கத்து ஊருக்கு மட்டும் எப்படி அனுமதி கிடைத்தது. வழக்கறிஞர் இடைமறிக்காமல் கேட்டுவிட்டு, "அண்ணே, மறுத்துட்டாங்கன்னு சொல்ற அந்தத் தாளைக் கொடுங்க" என்றார். தாள் இல்லை என்றோம். "மனு கொடுத்ததுக்கு ரசீது?" அதுவும் இல்லை. பேனாவை மூடி வைத்துவிட்டார். மறுப்பே இல்லாத இடத்தில் மேல்முறையீடு எதன் மேல் செய்வது என்று அவர் கேட்டபோது எங்களுக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு தூரம் பேருந்தில் வந்தவர்களைத் திருப்பி அனுப்புகிறாரே என்று படியிறங்கும்போது தலைவர் முணுமுணுத்தார்.

ஆனால் திருப்பி அனுப்பும் முன் அவர் செய்தது இது. எங்கள் பழைய மனுவின் நகலைக் கையில் எடுத்து, படகுப் போட்டி என்ற வரியைச் சிவப்பு மையால் அடித்தார். கடலில் நடப்பது வேறு, கரையில் நடப்பது வேறு. போட்டி என்றால் மீன்வளத் துறையும் கடலோரப் பாதுகாப்புக் குழுமமும் வரும், மிதவை அங்கி, மீட்புப் படகு என்று அதற்குத் தனி ஏற்பாடு காட்ட வேண்டும், இரண்டையும் ஒரே தாளில் கேட்டால் கடினமானதைக் காட்டி எளியதையும் சேர்த்து மறுப்பார்கள் என்றார். பிறகு புதிய மனு ஒன்றைத் தமிழில் அவரே சொல்ல, குமாஸ்தா தட்டச்சு செய்தார். இடம், புல எண், மேடையின் அளவு, தொடங்கும் நேரம், முடியும் நேரம், ஒலிபெருக்கியின் வகை, எதிர்பார்க்கும் கூட்டம், தன்னார்வலர்களின் பெயர், பெண்கள் உட்காரும் பக்கம், வாகனம் நிறுத்தும் இடம், மின் இணைப்புக்கு யாரிடம் கேட்டிருக்கிறோம் என்பது வரை இரண்டு பக்கம் வந்தது. "இதை நேரில் ஒண்ணு கொடுங்க, சீல் வாங்குங்க. ஒப்புகை அட்டையோட தபால்ல ஒண்ணு அனுப்புங்க. மேலதிகாரிக்கு ஒரு நகல். எழுத்துல பதில் கொடுங்கன்னு கடைசி வரியில இருக்கு, அதுதான் நமக்கு வேணும்." அன்றைக்கு அவர் வாங்கியது தட்டச்சுக்கான முந்நூறு ரூபாய் மட்டும்.

ஐந்தாம் நாள் பதில் வந்தது. அரைத்தாள் குறிப்பாணை. "மேற்படி நிகழ்ச்சியால் சட்டம் ஒழுங்கு பிரச்சினை ஏற்பட வாய்ப்புள்ளதாலும், இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி பயன்படுத்த அனுமதி இல்லாததாலும், அனுமதி மறுக்கப்படுகிறது" என்ற ஒரே வாக்கியம். ஊரில் அது அவமானமாகப் பார்க்கப்பட்டது. மாடியறையில் அதை வாங்கிப் படித்த வழக்கறிஞரின் முகமோ மலர்ந்துவிட்டது. இரண்டே காரணம்தான் எழுதியிருக்கிறார்கள், இனி மூன்றாவது காரணத்தை நீதிமன்றத்தில் வந்து சேர்க்க முடியாது என்றார். ஓர் அதிகாரியின் ஆணை அதில் எழுதப்பட்ட காரணங்களைக் கொண்டே நிற்க வேண்டும், பின்னால் பிரமாணப் பத்திரம் போட்டுப் புதுக் காரணங்களை முட்டுக்கொடுக்க முடியாது என்று மொகிந்தர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1977 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. சட்டம் படிக்காத எங்களுக்கு அந்த ஒரு விளக்கம் போதுமானதாக இருந்தது: நாங்கள் சண்டை போட வேண்டியது அதிகாரியோடும் அல்ல, மேலத்தெருவோடும் அல்ல, அந்த அரைத்தாளில் உள்ள இரண்டு காரணங்களோடு.

முதல் காரணத்துக்கு அவர் இரண்டு தீர்ப்புகளைக் கையில் வைத்திருந்தார். அகமதாபாத் நகரில் பொதுத் தெருவில் கூட்டம் நடத்த அனுமதி மறுத்ததை எதிர்த்த ஹிமத்லால் ஷா வழக்கில், 1972இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, கூட்டங்களை ஒழுங்குபடுத்த அரசுக்கு அதிகாரம் உண்டு, ஆனால் எந்த வரையறையும் இல்லாமல் அதிகாரி தன் விருப்பப்படி மறுக்கலாம் என்று ஒரு விதி இருந்தால் அது செல்லாது என்று கூறியது. 1989இல், ஒரு தமிழ்த் திரைப்படம் பற்றிய ரங்கராஜன் வழக்கில், எதிர்ப்பவர்கள் ரகளை செய்வார்கள் என்ற அச்சுறுத்தலைக் காட்டிக் கருத்துரிமையை முடக்குவது சட்டத்தின் ஆட்சியையே கைவிடுவதாகும், பாதுகாப்புக் கொடுப்பது அரசின் கடமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அது தமிழ்நாட்டில் இருந்து போன வழக்கு என்பதை அவர் கொஞ்சம் பெருமையாகவே குறிப்பிட்டார். இவை பெரிய ஊர்களின் பெரிய விவகாரங்கள், எங்கள் கோயில் திடலுக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்டேன். கலகம் வரும் என்ற ஒரு வார்த்தை போதாது, ஏன் வரும், யாரால் வரும், நிபந்தனை போட்டு ஏன் தடுக்க முடியாது என்பதை எழுத வேண்டும் என்பதுதான் இரண்டிலும் உள்ள சாரம், அது நகரத்துக்கும் ஒன்றுதான் நம் திடலுக்கும் ஒன்றுதான் என்றார்.

அடுத்ததாக அவர் கேட்ட கேள்வி எங்களில் யாரும் எதிர்பாராதது. இந்த மாவட்டத்தில் தடையுத்தரவு ஏதாவது அப்போது நடப்பில் இருந்ததா என்று கேட்டார். செப்டம்பர் 11 பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் நினைவு நாளையும் அக்டோபர் 30 பசும்பொன்னில் தேவர் ஜெயந்தியையும் ஒட்டிப் பல ஆண்டுகளில் இங்கே தடையுத்தரவு போடப்படுவது இந்தக் கடற்கரையில் எல்லாருக்கும் தெரியும். முன்பு அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தின் 163ஆவது பிரிவு. வைகாசியில் அப்படி எதுவும் இல்லை. அதையும் மனுவில் ஒரு வரியாகச் சேர்த்தார். காரணம் எழுதப்படாத மறுப்பை விட, தடையுத்தரவே இல்லாத மாதத்தில் வந்த மறுப்பு இன்னும் பலவீனமானது என்பது அவருடைய கணக்கு.

இரண்டாவது காரணத்தில் அவர் எங்களுக்குச் சாதகமாகப் பேசவே இல்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை தளர்த்த மாநில அரசுக்கு மட்டுமே அதிகாரம் உண்டு. எங்கள் வள்ளி திருமண நாடகம் இரவு பத்துக்குத் தொடங்கி விடியற்காலை ஐந்துக்கு முடிவது. முருகனும் வள்ளியும் தர்க்கத்துக்கு நிற்பதே நள்ளிரவுக்கு மேல்தான். அதற்கு முன்னால் பபூன் வந்து ஊர்க்கதை எல்லாம் பேசி முடிக்க வேண்டும். "அதைக் கேட்டா தோத்துடுவோம்" என்று நேராகச் சொன்னார். மாலை ஐந்தரைக்குத் தொடங்கி இரவு பத்துக்கு முடிப்போம், கூம்பு ஒலிபெருக்கி வைக்க மாட்டோம், பெட்டி ஒலிபெருக்கி மட்டும் மேடையைப் பார்த்து வைப்போம் என்று எழுதிக் கொடுத்தால்தான் வழக்கை எடுப்பேன் என்றார். தலைவர் எழுந்துவிட்டார். கதாநாயக வேடம் கட்டும் ராஜபார்ட் வெயிலோடு வெயிலாக மேடைக்கு வருவதா என்று கேட்டார். அவருடைய கோபத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. இருந்தாலும் கட்சிக்காரரின் மனம் நோகுமே என்று தோற்கும் வாதத்தை எடுத்துக்கொண்டு போகும் வக்கீல்களையும் நான் என் நிலத் தகராறில் பார்த்திருக்கிறேன். கட்டணம் வாங்கும் முன்பே 'இது நிற்காது' என்று சொன்னவரை இப்போதுதான் பார்த்தேன்.

பிரமாணப் பத்திரம் எழுதியதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய கைகலப்பை நாங்கள் மறைக்க நினைத்தோம். அவரோ அதை மூன்றாவது பத்தியிலேயே எழுதினார்: எந்த ஆண்டு நடந்தது, எதற்காக நடந்தது, யார் மீது வழக்குப் பதிவானது, வட்டாட்சியர் அலுவலக அமைதிப் பேச்சுவார்த்தையில் என்ன முடிவானது. அரசு வழக்கறிஞர் எழுந்து அதைச் சொல்லி நீதிபதி நம்மைத் திரும்பிப் பார்ப்பதை விட, நாமே சொல்லிவிட்டு, இப்போது என்ன மாறியிருக்கிறது என்று காட்டுவது மேல் என்றார். மாறியதைக் காட்ட மேலத்தெருவின் ஒப்புதல் கடிதம் வேண்டுமாம். அந்தக் கடிதத்துக்காக நான் மேலத்தெருவில் மூன்று வீடு ஏறி இறங்கினேன். இரண்டு ஆண்டுகளாகப் பேசாமல் இருந்த ஒருவர் திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுத்து, மேடையின் முகம் தங்கள் தெருப் பக்கம் பார்க்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு கையெழுத்துப் போட்டார். அது வழக்கறிஞரின் சேவைப் பட்டியலில் இருந்ததா என்று கேட்டால் இல்லை. அவர் கேட்காமல் இருந்திருந்தால் அந்தத் திண்ணைக்கு நான் போயிருக்க மாட்டேன் என்பதும் உண்மை.

மீன்பிடித் தடைக்காலத்தையும் அதே பத்திரத்தில் வைத்தார். "ஏன் தேதியை மாத்த முடியாது?" என்று அவர் கேட்டபோது, அது கேட்க வேண்டிய கேள்வியே இல்லை என்பது போல எங்கள் தலைவர், ஜூன் 14 கழிந்தால் படகு போய்விடும் என்றார். இந்தக் கடற்கரையில் பிறந்த அந்த வழக்கறிஞரும் அதை வழக்குக் காரணமாக முன்பு யோசித்ததில்லை போலும். எழுதுவதை நிறுத்திவிட்டு ஒரு கணம் பார்த்தார். காப்புக் கட்டி முளைப்பாரி போட்ட பின் தேதியை மாற்றுவது வழக்கமில்லை என்பதோடு, ஊர் மக்கள் ஒருசேரக் கரையில் இருக்கும் காலம் அரசாணையால் வரையறுக்கப்பட்டது என்ற வாக்கியம் அப்படித்தான் மனுவில் ஏறியது. அவசரமாக விசாரிக்க வேண்டும் என்பதற்கு அதைவிட வலுவான காரணம் எங்களிடம் இல்லை.

இனி குறைகள். முதல் குறை, மனு முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. உயர் நீதிமன்ற நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும் என்பது அரசியலமைப்பின் 348ஆவது பிரிவு. தமிழைக் கொண்டுவரக் கோரிச் சட்டமன்றம் 2006இல் தீர்மானம் நிறைவேற்றியும் நிலைமை மாறவில்லை. அது இந்த அலுவலகத்தின் குற்றமல்ல. ஆனால் கையெழுத்துப் போடும் முன் அதைத் தமிழில் படித்துக் காட்டுவது இவர்களின் வேலை. குமாஸ்தா பக்கம் பக்கமாகத் திருப்பி, "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்று விரல் வைத்துக் காட்டினார். நான் பிடிவாதமாகப் படித்துக் காட்டச் சொன்ன பிறகுதான் புல எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருந்தது தெரிந்தது. அந்த எண்ணில் இருப்பது எங்கள் கோயில் திடல் அல்ல, பக்கத்து ஐஸ் கம்பெனியின் காலியிடம். அப்படியே போயிருந்தால், அனுமதி வாங்கிக்கொண்டு வேறொருவர் நிலத்தில் நாடகம் போட்டிருப்போம்.

இரண்டாவது குறை, படகுப் போட்டி. அதைத் தனி மனுவாகப் போடலாம் என்று முதல் நாளே சொன்னவர், அந்த மனுவை எப்போது, எந்த அலுவலகத்தில் கொடுப்பது என்று எட்டாம் நாள் வரை சொல்லவில்லை. அதற்குள் காலம் கடந்துவிட்டது. இந்த ஆண்டு போட்டி நடக்கவில்லை. பாய் தைத்து வைத்திருந்த இளைஞர்களுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டபோது, நாடக வழக்கில் மூழ்கிவிட்டதாக ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதைக் குறித்துக்கொள்கிறேன், போட்டி நடக்காததையும் குறித்துக்கொள்கிறேன்.

மூன்றாவது, கட்டணம். வழக்குக்கு மொத்தம் பதினெட்டாயிரம் என்று பேசினோம். முடிவில் இருபத்து நான்காயிரத்து ஐந்நூறு ஆனது. கூடுதல் தொகையில் தட்டச்சு, நகல், முத்திரை, மதுரைக்குப் போய் வந்த கார் என்று கணக்கு இருந்தது. கணக்கில் பொய் இல்லை. ஆனால் 'வழக்குச் செலவு தனி' என்பதை முதலில் சொல்லவில்லை. கோயில் பணத்துக்கு ஊர்க் கூட்டத்தில் கணக்கு வாசிக்கிறவனுக்கு இது சின்ன விஷயம் அல்ல. ரசீது கேட்டு மூன்று முறை தொலைபேசியில் பேச வேண்டியிருந்தது. காசு இல்லாதவர்களுக்கு வேறு வழி உண்டு என்பதையும் பிற்பாடு வேறொருவர் சொல்லித்தான் அறிந்தேன்: 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தில், பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் உள்ளிட்ட சில பிரிவினருக்கு வருமானத்தைப் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. கட்டணம் வாங்கும் அலுவலகம் இதைத் தானாகச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது அதிகம்தான். சொல்லியிருந்தால் என் மதிப்பு இன்னும் உயர்ந்திருக்கும்.

நீதிமன்ற நாளைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. 2004 ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வந்ததால்தான் எங்களுக்கு இது சாத்தியமாயிற்று. சென்னைக்குப் போக வேண்டிய காலமாக இருந்திருந்தால் இந்தப் பதினேழு நாளில் நாங்கள் ரயில் சீட்டு எடுத்துக்கொண்டுதான் இருந்திருப்போம். கோடை விடுமுறைக் காலம் ஆகையால் எல்லா நாளும் விசாரணை இல்லை என்பதால், எந்த நாளில் தாக்கல் செய்தால் எந்த நாளில் விசாரணைக்கு வரும் என்பதைக் கணக்கிட்டு அவர் முன்கூட்டியே வைத்திருந்தார். விடியற்காலை மூன்றரைக்குக் கிளம்பி, அந்தக் கிளை இருக்கும் ஒத்தக்கடை போய்ச் சேர்ந்து, எங்கள் எண் வரும் வரை வெளியில் நின்றோம். விசாரணை ஆறேழு நிமிடம் நடந்திருக்கும். பழைய தகராறைப் பற்றி அரசு தரப்பு சொன்னபோது நீதிபதி மூன்றாவது பத்தியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மனுதாரரே சொல்லியிருக்கிறாரே என்று கேட்டதும், மேலத்தெருக் கடிதத்தைக் கையில் எடுத்ததும் மட்டும் எனக்குப் புரிந்தன. எனக்கு அந்த இரண்டு போதும்.

வாசகர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: நீதிமன்றம் எங்களுக்கு அனுமதி கொடுக்கவில்லை. மறுப்பாணையை ரத்து செய்து, எங்கள் மனுவை மறுபடி பரிசீலித்து, காரணத்தோடு மூன்று நாளில் முடிவெடுக்கும்படி அதே அலுவலகத்துக்கே திருப்பி அனுப்பியது. ஊரில் இருந்தவர்கள் வெற்றி என்று வெடி போடத் தயாரானார்கள். இது பாதிக் கிணறுதான் என்று வழக்கறிஞர் தொலைபேசியில் சொல்லி அடக்கினார். பல அலுவலகங்கள் உத்தரவு நகலைக் கொடுத்ததோடு கதவைச் சாத்திக்கொள்ளும். இவர் நகல் கிடைத்த அன்றே, நிபந்தனைகளை ஏற்கும் உறுதிமொழிக் கடிதத்தோடு ஜூனியர் வழக்கறிஞரை எங்களோடு அனுப்பினார். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. வாயால் மறுத்த அதே மேசையில், எங்களை உட்காரச் சொல்லி, எத்தனை தன்னார்வலர், அவர்களுக்கு அடையாள அட்டை உண்டா, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உண்டா என்று கேட்டார்கள். இரண்டு பக்க மனுவில் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. நாடகத்துக்கு முதல் நாள் மாலை அனுமதிக் கடிதம் வந்தது: சாதிப் பாட்டும் சாதிக் கொடியும் கூடாது, ஆபாச நடனம் கூடாது, மது அருந்தியவரை மேடைப் பக்கம் விடக் கூடாது, பத்து மணிக்கு ஒலிபெருக்கி நிற்க வேண்டும், இவற்றை மீறினால் விழாக் குழுவே பொறுப்பு.

ராஜபார்ட் மேடைக்கு வந்தபோது கடல் பக்கம் இன்னும் வெளிச்சம் இருந்தது. ஆர்மோனியக்காரரும் தாள வாத்தியம் வாசிக்கும் ஆல்ரவுண்டுக்காரரும் வியர்வையைத் துடைத்துக்கொண்டே வாசித்தார்கள். பபூன் தன் பங்குக்கு, "பத்து மணிக்குள்ள கல்யாணத்தை முடிக்கணும்னு கோர்ட்டு ஆர்டர், சீக்கிரம் சம்மதிம்மா" என்று வள்ளியிடம் சொன்னபோது மேலத்தெருப் பக்கம்தான் சிரிப்புச் சத்தம் அதிகம் கேட்டது. தர்க்கம் பாதியாகக் குறைந்தது. ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு மங்களம் பாடினார்கள். வெற்றிலை மென்றுகொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் பெரியம்மா, இது நாடகமா இல்லை நாடகத்துக்கு முன்னோட்டமா என்று கேட்டுவிட்டுப் பாயைச் சுருட்டினார். அவருடைய குறையை எந்த வழக்கறிஞராலும் தீர்க்க முடியாது.

இந்த அலுவலகத்துக்கு யாரை அனுப்புவேன் என்றால், கையில் தாள் வைத்திருப்பவர்களையும், தாள் வாங்கப் பொறுமை உள்ளவர்களையும் அனுப்புவேன். நாளை மறுநாள் நிகழ்ச்சி, இன்று ஏதாவது செய்யுங்கள் என்று ஓடுகிறவர்களுக்கு இவர் ஏற்றவர் அல்ல. முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லிவிடுவார். சொந்தத் தரப்பின் தவறை மனுவில் எழுதச் சம்மதிக்காதவர்களும் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். போகிறவர்கள் செலவு உட்பட மொத்தத் தொகையை முதல் நாளே ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். கையெழுத்துக்கு முன் மனுவைத் தமிழில் வரி வரியாகப் படித்துக் காட்டச் சொல்ல வேண்டும். புல எண்ணை நீங்களே பட்டாவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்த ஆண்டுப் படகுப் போட்டிக்கான மனுவைச் சென்ற வாரமே தனியாக எழுதச் சொல்லி வாங்கி வந்துவிட்டேன். மிதவை அங்கிகளுக்கு விலை விசாரித்தாயிற்று. மனுவில் தேதியை மட்டும் காலியாக விட்டிருக்கிறார். காப்புக் கட்டும் நாள் முடிவானதும் நிரப்பி, சீல் வாங்கி, நகலை அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். இந்த முறை தட்டச்சுக்கு முந்நூற்று ஐம்பது. ரசீது உடனே கொடுத்தார்கள்.